சோதனைச் சாவடியில் நடக்கும் கதை

அனுபவ் சின்ஹா இயக்கிய ‘பீட்’ என்ற இந்திப் படம் 2023 மார்ச் 24 அன்று வெளியானது. நாடு தழுவிய பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டு அன்றோடு மூன்று ஆண்டுகள் நிறைந்திருந்தன. படத்தைப் பார்ப்பதற்கு முன்பும் பார்த்த பிறகும் அதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் என் கைக்குக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன். பாராட்டியவர்களும் குறை கூறியவர்களும் ஒரு கருத்தில் மட்டும் ஏறத்தாழ ஒன்றுபட்டிருந்தார்கள். காட்சியால் சொல்லி முடித்ததையே படம் வசனத்தாலும் சொல்கிறது; சாதி, மதம், வர்க்கம், ஊடகம், காவல்துறை என அத்தனையையும் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான ஒரு கதைக்குள் அடைக்கப் பார்க்கிறது என்பதுதான் அது. அந்தக் குறை படத்தில் இருக்கிறது. ஆயினும் கதை எந்த இடத்தில் நடக்கிறது, ஏன் அந்த இடத்தில் நடக்கிறது என்பதை அந்த விமர்சனங்களில் பல ஒரு வரியில் கடந்துபோயின. கடலூரில் வசிக்கும் எனக்கு அந்த ஒரு வரிதான் படத்தின் உயிர்நிலையாகத் தெரிந்தது.

கதை ஒரு மாநில எல்லையில், தேஜ்பூர் என்ற கற்பனை ஊரை ஒட்டி அமைக்கப்பட்ட சோதனைச் சாவடியில் நிகழ்கிறது. அதற்குப் பொறுப்பேற்கும் சூர்ய குமார் சிங் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்து, குடும்பப் பெயரை மறைத்துக்கொண்டு காவல் பணியில் இருப்பவர்; ராஜ்குமார் ராவ் நடித்திருக்கிறார். அவர் காதலிக்கும் ரேணு சர்மா மேல்சாதியைச் சேர்ந்த மருத்துவர். ஊர் திரும்பும் கூட்டத்தில் பல்ராம் திரிவேதி என்ற காவலாளி இருக்கிறார். பங்கஜ் கபூர் ஏற்றிருக்கும் இந்தப் பாத்திரம், பசியோடு இருக்கும் நிலையிலும் முஸ்லிம்கள் நீட்டும் உணவை மறுக்கும் பிராமணர். விடுதியில் இருக்கும் மகளை அழைத்துவரக் காரில் கிளம்பிய வசதியான தாய் ஒருவரும், ஒரு தொலைக்காட்சி நிருபரும் அங்கே வந்து சேர்கிறார்கள். சாவடி திறக்காது, உணவு இல்லை, மேலிடத்து உத்தரவு மாறிக்கொண்டே இருக்கிறது. படம் முழுவதும் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது.

இதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன், 2020 அக்டோபர் 16 அன்று, ‘புத்தம் புதுக் காலை’ என்ற ஐந்து குறும்படங்களின் தொகுப்பு அமேசான் பிரைமில் வெளியானது. சுதா கொங்கரா, கௌதம் வாசுதேவ் மேனன், சுஹாசினி மணிரத்னம், ராஜீவ் மேனன், கார்த்திக் சுப்பராஜ் ஆகியோர் இயக்கியவை அவை. தமிழில் பொதுமுடக்க வாழ்க்கையைக் கதைக்களமாக எடுத்துக்கொண்ட முதல் பெரிய முயற்சி என்பதால் அதற்குக் கிடைத்த கவனமும் பெரிது. சுதா கொங்கராவின் கதையில், துணையை இழந்த இருவர் இருபத்தொரு நாள் முடக்கத்தில் ஒரே வீட்டில் தங்க நேர்கிறது. காதல் பெருகும் நேரங்களில் ஜெயராமும் ஊர்வசியும் இளம் நடிகர்களான காளிதாஸாகவும் கல்யாணியாகவும் மாறும் உத்தியைப் பலரும் ரசித்தார்கள். கௌதம் வாசுதேவ் மேனனின் கதையில் எம்.எஸ்.பாஸ்கரின் நடிப்பும் பாராட்டப்பட்டது. கூடவே ஒரு குற்றச்சாட்டும் எழுந்தது. பெரிய வீடுகள், தோட்டங்கள், நல்ல காபி, உறவுகளைச் சீராக்கிக்கொள்ள அள்ளக் குறையாத நேரம் ஆகியவையெல்லாம் யாருடைய பொதுமுடக்கம் என்று கேட்டார்கள். சாலையில் நடந்தவர்கள் எங்கே என்றும் கேட்டார்கள்.

ஆக, ஒரு படம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்று குறை சொல்லப்பட்டது; மற்றொன்று வெளியே வந்து உரக்கப் பேசியதற்காகக் குறை சொல்லப்பட்டது. முதல் குற்றச்சாட்டை நான் ஏற்கிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. வசதியானவர்களின் கதையைச் சொல்வதில் பிழை ஒன்றும் இல்லை. படப்பிடிப்புகள் முடங்கியிருந்த காலத்தில், மிகச் சிறிய குழுவோடு, கையில் கிடைத்த வீடுகளுக்குள் எடுக்கப்பட்ட படங்கள் அவை என்ற நடைமுறை உண்மையையும் விமர்சகர்கள் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை. என் குறை, அந்த வீடுகளுக்குள் பொதுமுடக்கம் எந்த வேலையும் செய்யவில்லை என்பது. தாய் நோயுற்றிருக்கும்போது கூடும் சகோதரிகளின் கதையை ஒரு புயல் நாளிலும் வைக்கலாம், தீபாவளி விடுமுறையிலும் வைக்கலாம். தாத்தாவோடு தங்கவரும் பேத்தியின் கதைக்கும் அதுவே பொருந்தும். யாரும் யாரையும் தடுத்து நிறுத்தவில்லை. யாரும் எதற்காகவும் அனுமதி கேட்டுக் காத்திருக்கவில்லை. கார்த்திக் சுப்பராஜின் கதையில் மட்டும், வேலையும் காசும் அற்றுப்போன இரண்டு சில்லறைத் திருடர்களின் பசி, முடக்கத்தின் நேரடி விளைவாக வருகிறது. அதனால்தான் மற்ற நான்கோடு ஒட்டாத கதை என்று சிலர் சொன்ன அதுவே எனக்கு நினைவில் தங்கியிருக்கிறது.

பொதுமுடக்கம் என்ன வேலை செய்தது என்று கேட்டால், கடலூர்க்காரர்கள் முள்ளோடையைத்தான் காட்டுவார்கள்.

வெளியூர் வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருபதுக்குச் சற்றே கூடுதலான கிலோமீட்டர்தான். புதுச்சேரியின் உள்ளாட்சிப் பிரிவான பாகூர் கொம்யூனின் கிராமங்களும் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கிடக்கின்றன. ஒரே தெருவில் பெண் கொடுத்து எடுத்தவர்கள் இரண்டு அரசுகளின் குடும்ப அட்டைகளை வைத்திருப்பது இங்கே விந்தை இல்லை. ஆல்பேட்டையிலும் முள்ளோடையிலும் சோதனைச் சாவடிகள் முன்பே உண்டு. அவற்றை மதுப்புட்டிகளுக்கான சாவடிகள் என்றுதான் நாங்கள் அறிந்திருந்தோம். 2020 மார்ச் கடைசியில் அவை மனிதர்களுக்கான சாவடிகள் ஆயின. கல்வி நிலையங்களிலும், தொழிற்பேட்டைகளிலும், துணிக்கடைகளிலும் வேலை பார்த்து மாலையில் வீடு திரும்பியவர்களுக்கு அந்த இருபது கிலோமீட்டர் திடீரென வேற்று மாநிலமாயிற்று. மே 25 அன்று புதுச்சேரியில் மதுக்கடைகள் திறக்கப்பட்டபோது, தமிழகத்திலிருந்து கூட்டம் வந்துவிடக்கூடாது என்று கொரோனா வரி விதித்து விலையைத் தமிழக விலைக்கு இணையாக்கினார்கள். கூட்டத்தைத் தடுக்க விலையைக்கூட யோசித்து வகுக்க முடிந்தது. மருந்துக்கு வருகிறவர்களுக்கு அப்படியொரு ஏற்பாட்டை யோசித்து வகுக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

என் பெரியம்மா இதய நோயாளி. புதுச்சேரியில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனையில் மாதந்தோறும் மாத்திரை வாங்குவார். அந்த ஏப்ரலில் புறநோயாளிகள் பிரிவு மூடப்பட்டது. திறந்திருந்தாலும் எல்லையைத் தாண்ட வழி இல்லை. அந்த மாத்திரைகளில் ஒன்று எங்கள் பகுதியில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கடைசியில் அரியாங்குப்பத்தில் இருக்கும் உறவினர் ஒருவர் வாங்கி முள்ளோடை வரை கொண்டுவர, நான் இந்தப் பக்கம் போய் நின்றேன். இருவருக்கும் நடுவே தடுப்பு. “அம்மாவுக்கு மருந்துதானே, நான் வாங்கித் தரேன், நீங்க அங்கேயே நில்லுங்க தம்பி” என்று ஒரு காவலர் அந்தப் பொட்டலத்தை வாங்கி என்னிடம் நீட்டினார். தன் வீடும் அந்தப் பக்கம்தான் என்றும், வீட்டுக்குப் போய்ப் பல நாள் ஆகிறது என்றும் அவராகவே சொன்னார். சற்று நேரத்துக்கு முன் அதே காவலர் ஒரு கர்ப்பிணியின் கணவரைத் திருப்பி அனுப்பியதையும் நான் பார்த்திருந்தேன். இருவருக்கும் வேறு வேறு பதில் சொல்லும் உரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

‘பீட்’ இதை அறிந்திருக்கிறது. சூர்ய குமாரின் தோளில் அதிகாரம் இருக்கிறது; அந்த அதிகாரத்தின் எல்லை எதுவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மேலதிகாரி சொல்வது ஒரு மணி நேரத்துக்கு மேல் செல்லுபடியாவதில்லை. இந்தப் பாத்திரம் தெளிவில்லாமல் தடுமாறுகிறது என்று எழுதியவர்கள் உண்டு. அந்தத் தடுமாற்றம் எழுத்தின் பலவீனமல்ல என்றே நினைக்கிறேன். மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து நள்ளிரவில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஓர் உத்தரவை, நான்கு மணி நேர அவகாசத்தில், சாலையோரத்தில் நின்று பொருள்படுத்த வேண்டியிருந்தவர்கள் கடைநிலைக் காவலர்கள்தான். அவர்களில் யாரும் தெளிவாக இருந்திருக்க முடியாது.

படத்தில் சாதி வலிந்து புகுத்தப்பட்டிருக்கிறது என்ற விமர்சனத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திருப்பாதிரிப்புலியூர் பான்பரி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் இளைஞர் ஒருவரை எனக்குப் பழக்கம். பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த அவர் 2020 வரை சென்னை கோயம்பேடு சந்தையில் வேலை பார்த்தவர். அந்த ஆண்டு ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் கோயம்பேட்டில் தொற்று பரவியபோது, கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்த தொழிலாளர்கள் காய்கறி லாரிகளில் ஏறி ஊர் வந்து சேர்ந்தார்கள். மே 4 அன்று தமிழகத்தில் புதிதாகக் கண்டறியப்பட்ட 527 பேரில் 122 பேர் கடலூர் மாவட்டத்தவர். மறுநாள் சந்தை மூடப்பட்டது. அதுவரை அமைதியாக இருந்த எங்கள் மாவட்டம் ஒரே வாரத்தில் செய்திகளின் தலைப்பில் ஏறியது. திரும்பிவந்தவர்களைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் திருமண மண்டபங்களிலும் தங்கவைத்தார்கள். வீதியில் ‘கோயம்பேட்டுக்காரன்’ என்பது அப்போது வசைச்சொல் போலப் புழங்கியது.

அவரும் நானும் சேர்ந்து இந்தப் படத்தைக் கணினியில் பார்த்தோம். அவருக்கு இந்தி தெரியாது. ஆங்கிலத் துணைவரிகளை நான் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். காதல் காட்சிகளில் அவருக்குச் சுவாரசியம் இல்லை. மருத்துவர் ரேணு சாலையிலேயே நின்று எல்லோரையும் கவனிப்பதைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு பெரிய டாக்டரம்மா எங்க ஸ்கூலுக்கெல்லாம் வரலண்ணே, ஒரு நர்சம்மாதான் வந்து போனாங்க, அவங்களும் பாவம், ஒரே ஆளு” என்றார். திரிவேதி உணவை மறுக்கும் காட்சி வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். “இது நடக்கும்ணே. எங்க கூட ஒருத்தர் இருந்தாரு. சாப்பாடு எங்க தெருவுலேர்ந்து வருதுன்னு யாரோ சொல்லிட்டாங்க. மூணு நாளும் பிஸ்கட்டும் தண்ணியும்தான். தண்ணியும் சீல் பிரிக்காத பாட்டில்தான் வேணும்னாரு” என்றார். கோபமே இல்லாமல், வானிலையைச் சொல்வது போலச் சொன்னார்.

சாதி வலிந்து புகுத்தப்பட்டது என்று எழுதியவர்கள் இதை எங்கே தேடியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தொற்றுக் காலத்தில் ஒருவர் தொட்டதை மற்றவர் தொடக்கூடாது என்பது மருத்துவ அறிவுரையாக வந்தது. நூற்றாண்டுகளாக அதே விதியை வேறு காரணத்துக்காகக் கடைப்பிடித்தவர்களுக்கு அது எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதை இந்தப் படம் பார்த்திருக்கிறது. நம் திரைவிமர்சனம் தனிமையையும், மனச்சோர்வையும், உறவுகளின் விரிசலையும் பொதுமுடக்கத்தின் இயல்பான கருப்பொருள்களாக ஏற்றுக்கொள்கிறது. தண்ணீர்ப் புட்டியின் மூடியை வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட செய்தியாகக் கருதுகிறது. இந்த அளவுகோல் எழுதுபவரின் வீடு எந்தத் தெருவில் இருந்தது என்பதைச் சார்ந்தது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

விமர்சகர்கள் சரியாகச் சொன்னவையும் இருக்கின்றன. தந்தையைப் பின்னால் அமர்த்திச் சைக்கிள் மிதிக்கும் சிறுமி, கான்கிரீட் கலவை லாரிக்குள் ஒளிந்து வந்தவர்கள், கிருமிநாசினி தெளிக்கப்பட்ட தொழிலாளர்கள் என அந்த ஆண்டின் செய்திப் படங்கள் ஒவ்வொன்றாக இந்தச் சாவடிக்கு வருகின்றன. பார்த்த கணத்தில் அடையாளம் தெரிந்துவிடுவதால் அவர்கள் மனிதர்களாகும் முன்பே செய்திகளாகிவிடுகிறார்கள். 2020 மே 8 அன்று மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் உறங்கிய தொழிலாளர்கள் 16 பேர் சரக்கு ரயில் ஏறி இறந்தார்கள். அவர்களோடு சிதறிக் கிடந்த ரொட்டிகளின் படத்தைப் பார்த்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மறக்காத ஒன்றை மறுபடி காட்டுவதால் ஒரு படம் என்ன சேர்க்கிறது என்ற கேள்வி நியாயமானது. நிருபர் பாத்திரம் இயக்குநரின் கருத்துகளைச் சுமக்கவே வந்திருக்கிறது. காரில் வரும் தாயின் கிளைக்கதையை எடுத்துவிட்டாலும் படத்துக்கு இழப்பில்லை.

கறுப்பு வெள்ளையைப் பற்றி இரண்டு விதமாகவும் எழுதினார்கள். 1947 பிரிவினையின் படங்களை நினைவூட்டவே அப்படி எடுத்ததாக இயக்குநர் தரப்பு சொன்னது. சிலருக்கு அது கனம் சேர்த்தது, சிலருக்கு அது அலங்காரமாகப் பட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த ஏப்ரல் மே மாதங்களின் வெயில் வெளுத்த மஞ்சள் நிறம் கொண்டது. அந்த வெயில்தான் நடந்தவர்களைக் கொன்றது. நிறத்தை நீக்கியதும் வெயிலும் பாதி போய்விட்டது.

இதில் இன்னொன்றும் உண்டு. படம் வெளிவருவதற்கு முன்பே அதன் முன்னோட்டம் யூடியூபிலிருந்து நீக்கப்பட்டது. பிரதமரின் குரலும் பிரிவினையோடு ஒப்பிடும் சொற்களும் இல்லாமல் பிறகு மறுபடி ஏற்றப்பட்டது. படத்திலும் தணிக்கை வாரியம் மாற்றங்களைக் கேட்டது. ஆகவே எல்லோரும் விமர்சித்தது, வெட்டியது போக எஞ்சிய படத்தை. சிலர் இதைக் குறிப்பிட்டு எழுதினார்கள். வேறு சிலரோ, அரசைப் பெயர் சொல்லி விமர்சிக்கத் துணியாமல் பொதுவாகப் பேசி ஒதுங்கிவிட்டது என்று படத்தையே குற்றம் சாட்டினார்கள். வாயைப் பொத்தியவர்களை விட்டுவிட்டு, தெளிவாகப் பேசவில்லை என்று பேசியவரிடம் கேட்பது எப்படி நியாயமாகும்? திரையரங்கில் படம் ஓடவில்லை என்பதை வைத்து, மக்கள் அந்தக் காலத்தை மறக்க விரும்புகிறார்கள் என்று முடிவு கட்டியவர்களும் இருந்தார்கள். பான்பரி மார்க்கெட்டில் நின்று அந்த நாள்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் கூடிவிடுவார்கள்.

தமிழிலும் ஒரு சோதனைச் சாவடி வந்தது. 2022 ஜனவரி 14 அன்று வெளியான ‘புத்தம் புதுக் காலை விடியாதா’ தொகுப்பில், பாலாஜி மோகன் இயக்கிய ‘முகக்கவச முத்தம்’ முடக்கக் காலப் பணியில் இருக்கும் இரண்டு காவலர்களின் காதலைச் சொன்னது. இனிமையான படம் என்று எழுதினார்கள், இனிமையான படம்தான். அதே தொகுப்பில் ஹலிதா ஷமீமின் கதைக்கும், நதியாவும் ஜோஜு ஜார்ஜும் நடித்த மதுமிதாவின் கதைக்கும் நல்ல வரவேற்பு இருந்தது, அதற்கு அவை தகுதியானவையும்கூட. ஆனால் அந்தச் சாவடியில் வரிசை இல்லை. கோயம்பேட்டு லாரி அங்கே வந்து நிற்கவே இல்லை என்பதை யாராவது ஒரு தமிழ் விமர்சகராவது கேட்டிருக்க வேண்டும்.

‘பீட்’டின் உச்சக்கட்டத்தைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. சாவடிக்கு அருகே ஒரு வணிக வளாகம் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே உணவு இருக்கிறது. பொறுமை இழந்த திரிவேதி துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அங்கே நுழைகிறார். சினிமாத்தனமான திருப்பம், அதுவரை கட்டிய இயல்பை உடைக்கிறது என்பது பரவலான கருத்து. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் ஏறக்குறைய அதையே சொன்னார். “அவ்வளவு பசியில நிக்கிறவன் துப்பாக்கி எடுக்கமாட்டாண்ணே. கால்ல விழுவான். நாங்கல்லாம் விழுந்தோம். லாரிக்காரன் கால்ல விழுந்தோம், தலையாரி கால்ல விழுந்தோம்” என்றார்.

நான் படத்தை நிறுத்திவிட்டு, துப்பாக்கி எடுப்பவர் யார் என்று கேட்டேன். திரிவேதி ஏழை, குறைந்த சம்பளத்துக் காவலாளி, ஊர் போய்ச் சேர வழி இல்லாதவர். இருந்தும் பிறந்த நாள் முதல் யார் காலிலும் விழவேண்டிய தேவை அவருக்கு வந்ததில்லை. எதிரே நிற்கும் அதிகாரியோ சீருடையும் துப்பாக்கியும் உடையவர். ஆனால் திரிவேதியைப் பெயர் சொல்லி அதட்டுவதற்கு முன் அவர் குரல் ஒரு கணம் தயங்குகிறது. கெஞ்சிப் பழகியவர் அதிகாரத்தில் இருக்கிறார், அதட்டிப் பழகியவர் பசியில் இருக்கிறார். அந்த வளாகத்தின் வாசலில் இது ஒன்றுதான் நடக்கிறது, படம் அதுவரை பேசிய எல்லா வசனங்களும் இதற்கு முன்னால் தேவையற்றவை.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அந்தக் காட்சியை முதலிலிருந்து ஒருமுறை போடச் சொன்னார். பார்த்து முடித்ததும், “ஆமாண்ணே, பிஸ்கட்டு தின்னாரே அவரும் கேட்டதில்ல. ‘எடுத்துட்டு வா’ன்னுதான் சொல்வாரு. நாங்களும் எடுத்துட்டுப் போய்க் குடுத்தோம்” என்றார்.